பாலிசி முடிகிற நாள்

கார் ஸ்பீக்கரில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் சென்னியப்பனின் குரல் கணீரென்று கேட்டது.

"ஏனுங்ணா, இன்னைக்கு ராத்திரியோட இன்சூரன்ஸ் முடியுதுங்க. ஃபுல் கவரா? தேர்ட் பார்ட்டி மட்டும் போதுங்களா?"

கைப்பைக்குள் மாத்திரையைத் துழாவிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரி கார் ஷெட். அவளும் புருஷனும் டாக்டர் அறையிலிருந்து வந்து, ஏசியைப் போட்டு, கதவை அப்போதுதான் சாத்தியிருந்தார்கள்.

"வண்டிய விக்கறதா இருந்தா தேர்ட் பார்ட்டியே தாராளமுங்ணா. சட்டத்துக்கு அது போதும். எதுக்கு வெட்டியாக் கட்டோணும்? வெச்சு ஓட்டறதா இருந்தா மட்டும் ஃபுல் போடுங்க. நீங்கதான் சொல்லோணும்."

அவள் புருஷன் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் திறந்தார். "ஊசிக்குக் காரை வித்துப்போடறேன் டாக்டர். இவளுக்கு மிஞ்சி எனக்கு என்னங்க இருக்குது?" என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். கட்டினவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷம் ஒரே கூரைக்கடியில் கிடந்தும் இந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு மனுஷன் இருந்தது தெரியாமல் போயிற்றே! அன்றைக்கு வலியோடு வலியாகச் சிரித்துக்கொண்டுதான் படுத்தாள்.

இன்றைக்கு டாக்டரின் பேச்சு மாறிவிட்டது. ஊசி ஆரம்பிக்கலாம். ஆனால் உடம்பு கேட்குமா என்பதைத் தன்னால் சொல்ல முடியாது என்றார். அதையும் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. புருஷனைப் பார்த்துத்தான் சொன்னார்.

வண்டியை விற்றால்தான் ஊசி. வீட்டில் வேறு என்ன கிடக்கிறது? நகையெல்லாம் ஆபரேஷனோடு போய்விட்டது.

சென்னியப்பனுக்கு என்ன தெரியும், பாவம். அவன் காரைப் பற்றித்தான் கேட்டான்.

"அண்ணா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கறேன், இருக்கறேன்."

அவளுக்கு ஒரே ஒரு வார்த்தை போதும்.

தேர்ட் பார்ட்டி.

அட, ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்காகச் சாமியைக் கும்பிட வேண்டிவரும் என்று எவள் கண்டாள்!

அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவரையும்தான் என்ன சொல்ல முடியும்? அவர் வகையறாவிலேயே முதல் கார். இரவல் சைக்கிளில் வேலைக்குப் போனவர். எவனாவது உரசிவிட்டுப் போனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. பலிக்குமோ பலிக்காதோ தெரியாத ஊசிக்கு இதையும் தொலைத்துவிட்டு, நாளைக்கு அவளும் இல்லாமல் காரும் இல்லாமல் நடுத்தெருவில் நிற்பதா? அந்த மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்பது அவளுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது.

தெரிந்து என்ன செய்ய?

அவளுக்குச் சாகப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். நியாயம், அநியாயம் எல்லாம் உயிருக்கு எங்கே புரிகிறது?

சொல்லுங்க, என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். என் காதில் விழச் சொல்லிவிடுங்க. அப்புறம் ஊசி பலிக்காவிட்டாலும் பரவாயில்லை.

அவர் போனைக் கையில் எடுத்தார்.

ஸ்பீக்கரை அணைத்தார்.

கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனார்.

ஷெட்டைத் தாண்டி, வாட்ச்மேன் நாற்காலியையும் தாண்டி, வெயிலில் போய் நின்று பேசினார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. ரொம்ப நேரமெல்லாம் பேசவில்லை. இரண்டு தடவை தலையை ஆட்டினார்.

தேர்ட் பார்ட்டி என்று சொல்ல எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்?

ஏசிக் காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. அதைத் திருப்பி வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

"உள்ள டவரே கெடைக்கல. அதான் வெளிய போய்ப் பேசினேன்."

"செரிங்க."

என்ன சொன்னீங்க என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு பொய் சொல்லுவார். அதை நம்பிவிடுவோமோ என்றுதான் பயமாக இருந்தது.

சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

அவர் ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

"பாத்து எடுங்க" என்றாள். "பின்னால தூண் இருக்குது."