தொட்டிக்குள் இறங்கும் விளக்கு

ஒயின் ஆலையில் தொட்டி கழுவ ஆள் இறங்கும் முன் கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பது சவரிநாயகத்தின் வேலை. விளக்கு அணைந்தால் உள்ளே மூச்சை அடைக்கும் காற்று இருக்கிறது, யாரும் இறங்கக்கூடாது. போன பருவத்தில் ஒருநாள், “எறங்கலாமாண்ணே?” என்று தொட்டி கழுவும் அமலதாஸ் கேட்டபோது அவர் டீ கிளாஸிலிருந்து நிமிராமலே, “நேத்துதான் நல்லா எரிஞ்சுச்சே, எறங்குடா” என்றார். அமலதாஸைப் பிணமாகத்தான் மேலே தூக்கினார்கள்.

பிறகு ஆலை குளிர்ச்சியாக இருக்கட்டுமென்று முதலாளி கூரையெங்கும் மண் பரப்பித் தோட்டம் போட்டார். தண்ணீர் விட சவரிநாயகத்தையும், களையெடுக்க அமலதாஸின் மனைவி பிலோமினாவையும் மேலே அனுப்பினார். அமலதாஸ் இறந்த தொட்டியின் காற்றுக்குழாய், ஓர் ஆள் நுழையும் அகலத்தில், தோட்டத்தின் நடுவே நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி மட்டும் எதை நட்டாலும் கருகியது. தினமும் காலையில் அவர் அதற்குள் விளக்கை இறக்குவார், அணைந்துதான் வரும். பிலோமினா ஒருநாளும் ஏனென்று கேட்டதில்லை.

இன்று கயிறு பாதியில் தொய்ந்தது, கீழே யாரோ விளக்கைக் கையில் வாங்கிக்கொண்டதைப் போல. பதறி மேலே இழுத்தார். சுடர் நிமிர்ந்து எரிந்துகொண்டிருந்தது.

“எரியுதுண்ணே.” குழாய்க்குள்ளிருந்து அமலதாஸின் குரல் வந்தது. “எறங்குங்க.”

சவரிநாயகம் பிலோமினாவைப் பார்த்தார். அவள் களை பிடுங்கும் கையை நிறுத்தவில்லை.

“அவருதான் கூப்பிடுறாருல்ல,” என்றாள். “போங்கண்ணே.”