உருமால் கட்டிய யானை

“இதுல ஒரு எழுத்தாவது இருக்குதான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க டீச்சர்.”

சந்துரு கையிலிருந்த படப்புத்தகத்தை மேசை மேல் போட்டான். போட்டான் என்ன, எறிந்தான். மைசூரு விஜயநகரில் ஒரு வீட்டுக்கு டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தவன், அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான். புத்தகத்தின் அட்டையில் அவன் விரல்களின் சிமெண்ட் தடம் விழுந்திருந்தது.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் ரஞ்ஜிதா அதை எடுத்துத் துடைத்தாள். “இது படம் மட்டும் இருக்கிற புக் சார். படத்தைப் பாத்து நாமளே கதை சொல்லணும். சின்னப் பிள்ளைங்களுக்கு நல்லது.”

“ஒரு வாரம் நல்லது. ரெண்டு வாரம் நல்லது. நாலு வாரமா என்ற புள்ளைக்கு இதே நல்லதுதானா?”

அந்தப் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் குழந்தைகள் ஆளுக்கொரு புத்தகம் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். அப்பாவோ அம்மாவோ கூட உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். பூங்குழலியின் அம்மா கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து வருவதற்குள் மகள் தூங்கிவிடுவாள் என்பதால், அந்தப் பொறுப்பு சந்துருவுடையது.

எதிர்வீட்டுப் பையனும் இதே வகுப்புதான். மூக்கைத் துடைக்கத் தெரியாத அந்தப் பையன், வாசலில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கும்படி கன்னடப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். தன் மகள் பைக்குள் மட்டும் வாரா வாரம் பொம்மைப் புத்தகம். எந்தத் தகப்பனுக்கு வயிறு எரியாது, சொல்லுங்கள்.

“அவனுக்கு எழுத்துப் புக்கு, என்ற புள்ளைக்குப் பொம்மைப் புக்கு. ஏனுங்க டீச்சர், ஹனூர்ல இருந்து பொழைக்க வந்த தமிழாளு, டைல்ஸ் போடறவன் மக, இவளுக்கு இது போதும்னு நெனச்சுட்டீங்களா? நீங்களும் வீட்ல தமிழ்தானே பேசறீங்க? நீங்களே இப்படிப் பண்ணுனா நாங்க எங்க போயிச் சொல்றது?”

ரஞ்ஜிதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்படியெல்லாம் பேசாதீங்க சார். இந்த கிளாஸ்லயே நல்லாப் படிக்கிறவ பூங்குழலிதான்.”

“அப்பறம் எதுக்கு இந்தக் கண்றாவி? மொத வாரம் எழுத்து வெச்சதுதானே குடுத்தீங்க. அந்த ஆனைக் கலியாணக் கதை. மாப்பிள்ளை ஆனை தலையில உருமால் கட்டிக்கிட்டு நிக்குமே, சுத்தியும் மானும் மொசலும் கலியாணத்துக்கு வந்திருக்குமே. அதைய நாலு நாள் படிச்சுக் காட்டுனேன். புள்ள என்னமா சிரிச்சா தெரியுங்களா?”

ரஞ்ஜிதா ஒரு கணம் யோசித்தாள். அந்த யானை தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது பல்வலிக்காக என்றுதான் அவளுக்கு ஞாபகம். இருக்கிற சண்டை போதும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

“இன்னைக்கே எழுத்துப் புக்கு குடுக்கோணும். இல்லாட்டி ஹெட்மிஸ்கிட்டப் போறேன். டி.சி. வாங்கிட்டு வேற ஸ்கூல்ல சேத்துக்கறேன்.”

ரஞ்ஜிதாவின் பொறுமையும் அத்தோடு போய்விட்டது. “புக்கை நான் எடுத்துக் குடுக்கறதே இல்ல சார். அலமாரியைத் தொறந்து விட்டுடுவேன், பிள்ளைங்களே எடுத்துக்கும். உங்க மகளும் அவளா எடுத்ததுதான்.”

“ஆறு வயசுப் புள்ள மேல பழியப் போடாதீங்க.”

“பழியா?” அவள் இழுப்பறையை இழுத்து ஒரு நோட்டை எடுத்தாள். ஏன் இந்தப் புத்தகம் வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையும் காரணம் சொல்ல வேண்டும். சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்வது அவள் வழக்கம். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்று கத்தும்போது எழுதியதையெல்லாம் திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை. “ரெண்டாவது வாரம், பூங்குழலி. தேதியோட இருக்கு. நீங்களே படிச்சுப் பாருங்க.”

நோட்டை அவன் பக்கம் தள்ளினாள். சந்துரு கையைக் கட்டிக்கொண்டான்.

“எழுதுனது நீங்கதானே, நீங்களே படிங்க. பக்கத்து கிளாஸ் டீச்சருக்கும் கேக்கட்டும்.”

கேட்கட்டும் என்றுதான் ரஞ்ஜிதாவும் குரலை உயர்த்தினாள். “‘எழுத்து இருக்கற புக்கு எனக்கு வேண்டாம் மிஸ்.’ கேட்டீங்களா? இது உங்க மக சொன்னது. ‘எழுத்து இருந்தா...’”

அங்கேயே நிறுத்திவிட்டாள். மீதியைக் கண்ணால் மட்டும் படித்தாள். ஜன்னலுக்கு வெளியே பூங்குழலி ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள்.

“விடுங்க சார்.” நோட்டை மூடினாள். “தப்பு என் பேர்லதான். இன்னைக்கே எழுத்துப் புக் குடுத்து அனுப்பறேன்.”

“அதெப்படி விடறது? மாட்டிக்கிட்டதும் மூடி வெச்சா ஆச்சா?” சந்துரு மேசையில் ஓங்கித் தட்டினான். “என்ற புள்ள என்ன சொன்னான்னு தெரியாம இந்த எடத்த விட்டு நகர மாட்டேன். படிங்க.”

ரஞ்ஜிதா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். நோட்டைத் திறந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் படித்தாள்.

“‘எழுத்து இருந்தா எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது மிஸ், படம் மட்டும்னா நல்லாப் படிப்பாரு.’”