டெய்லரம்மா புருஷன்

"அந்த ஆள் உள்ள வந்தா, நான் எழுந்து போயிடுவேன்!"

டான்ஸ் மாஸ்டரம்மா போட்ட சத்தத்தில் மேக்கப் பெண்ணின் பிரஷ் புருவத்தை விட்டுக் காது வரைக்கும் ஓடியது.

டி.வி. நடனப் போட்டிக்கு அந்தம்மாதான் நடுவர். ஆடவே வராத கதாநாயகர்களை இருபது வருஷமாக சினிமாவில் ஆடுகிற மாதிரி காட்டியவர். அந்தக் கையால் மார்க் வாங்கினால் ஊரே நம்பும்.

அந்த ஆள் என்பது டெய்லரம்மாவின் புருஷன்.

டெய்லரம்மாவுக்கு முப்பத்தாறு வயது. இரண்டு பிள்ளைகள், சின்னதாக ஒரு தையல் கடை. ஆட ஆரம்பித்தால் உடம்பில் எலும்பு இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். இறுதிச் சுற்றுக்கு வந்த மூன்று பேரில் ஒருத்தி.

ஆறு வாரத்துக்கு முன்னால் 'குடும்பச் சுற்று' நடந்தது. அதில்தான் அந்த மனுஷன் மேடையேறி மைக்கைப் பிடித்தான்.

"இவளை ஆட விடாம தடுத்தது நான்தாங்க. கல்யாணமான புதுசுல ஆசையா வாங்கின டான்ஸ் ஷூவை, இவ கத்திரிக்கோலை எடுத்தே துண்டு துண்டா வெட்டிப் போட்டேன். பதினாலு வருஷம் ஆடவே விடல. என்னை மன்னிச்சிரும்மா!"

டெய்லரம்மா சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தாள். பின்னணியில் வயலின் அழுதது. மாஸ்டர் ஒரு டிஷ்யூ பெட்டியையே காலி பண்ணினார். மேடைக்கு ஓடி, "உன் வலிதான்டி உன் ஆட்டம்!" என்று அவளைக் கட்டிக்கொண்டார்.

ஓட்டு குவிந்தது. அவளுக்கு ஓட்டு, அவனுக்குத் திட்டு.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பஸ்ஸில் ஒரு பெரியம்மா ஒரு வார்த்தை பேசாமல் குடையால் ஒரு போடு போட்டுவிட்டு இறங்கிப் போனார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பெண், திறந்துவிட வந்திருப்பது யாரென்று தெரிந்ததும், "வேற ஆளை அனுப்புங்க, நான் இருந்துக்கறேன்" என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாஸ்டருக்கு அதுவும் போதவில்லை. அவன் தலை தெரிந்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கும் பாதி மேக்கப்போடு எழுந்து வாசலுக்கே போய்விட்டார்.

மனைவியின் உடைப் பையைத் தோளில் மாட்டியபடி அவன் நின்றுகொண்டிருந்தான்.

"மாஸ்டர், இன்னிக்கு ஒரு நாள் மட்டும். கடைசி வரிசையில ஓரமா நின்னு பார்த்துட்டுப் போயிடறேன்."

"பதினாலு வருஷமா பார்க்கப் பிடிக்கல, இன்னிக்கு மட்டும் என்ன கரிசனம் பொத்துக்கிட்டு வருது? கார் நிறுத்தற இடத்துல போய் நில்லு!"

அவன் பையை நீட்டினான்.

"இடது தோள்ல ஒரு ஊக்கு லூசா இருக்கு மாஸ்டர். ஆடும்போது குத்திடப் போகுது. மாத்திக்கச் சொல்லுங்க."

போய்விட்டான்.

"அடேங்கப்பா, நடிப்பைப் பாரு!" என்றார் மாஸ்டர், வாட்ச்மேனிடம். வாட்ச்மேனும் தன் பங்குக்கு ஒரு முறை முறைத்தான்.

அன்று டெய்லரம்மா ஆடியது ஆட்டம். அரங்கமே எழுந்து நின்றது. கோப்பை அவளுக்குத்தான். கோப்பையைக் கொடுத்த கையோடு மாஸ்டர் கேமராவைப் பார்த்து, நாட்டில் உள்ள அத்தனை புருஷன்மாரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது.

அது முடிந்ததும் அவளைத் தன் அறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"இதோ பாரும்மா, வக்கீலம்மா ஒருத்தங்ககிட்ட பேசிட்டேன். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு என் வீட்டு மாடிக்கு வந்துடு. அந்த ஆளை விட்டுத் தள்ளு!"

டெய்லரம்மா கோப்பையை மேஜையில் வைத்தாள்.

"அவர் எதையும் வெட்டல மாஸ்டர். ஷூன்னு ஒண்ணு நான் வாங்கினதே கிடையாது. இந்தப் போட்டிக்கு என் பேரை எழுதிப் போட்டதே அவர்தான்."

"என்னடி சொல்ற?"

"நான் இத்தனை வாரமா ஒத்திகைக்கு வந்தப்ப, பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டு, கடையில பட்டன் தைச்சுக் கொடுத்ததும் அவர்தான்."

"அப்புறம் எதுக்கு அந்தாளு மேடையில அப்படி உளறினான்?"

"அந்த வாரம் என்னைத்தான் வெளியே அனுப்பறதா இருந்தாங்களாம். மேடைக்குப் பின்னாடி நின்னப்ப அவர் காதுல விழுந்திருக்கு. 'நல்லாத்தான் ஆடறா, ஆனா ஒரு சோகம் இல்ல, கண்ணீர் இல்ல, இவளை வெச்சுக்கிட்டு என்ன பண்றது'ன்னு டைரக்டர்கிட்ட சொல்லிட்டு இருந்தாங்களாம். இவர் நேரா டைரக்டர்கிட்ட போய், 'சோகம்தானே வேணும்? என்னை வில்லனாப் போட்டுக்கங்க'ன்னுட்டார். மேடையில சொல்ற வரைக்கும் எனக்கே தெரியாது. உண்மையைச் சொல்லிடறேன்னு தினமும் சண்டை போட்டேன். 'கோப்பை வரட்டும், அப்புறம் சொல்லிக்கோ'ன்னு சத்தியம் வாங்கிட்டார்."

மாஸ்டருக்கு முகம் சிவந்தது. மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"இவ்வளவு நல்லா ஆடற பொண்ணைப் பார்த்து அப்படிச் சொன்ன அந்த அறிவுகெட்ட ஜென்மம் யாரு? பேரைச் சொல்லு, இப்பவே நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன்!"

மேஜையில் ஆடிய கோப்பையை டெய்லரம்மா பிடித்து நிறுத்தினாள்.

"நீங்கதான் மாஸ்டர்."