லிஃப்டை அழவைத்த கேள்வி

சங்கரலிங்கம் ஒரே ஒரு கேள்வி கேட்டு, முப்பது மாடி லிஃப்டைத் தேம்பித் தேம்பி அழவைத்தவர்.

அன்று தங்கை மகளுக்குக் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தாய்மாமனோ சீர்த்தட்டு ஏந்திய மனைவி கோமதியோடு, நகராத லிஃப்டுக்குள். கதவும் திறக்கவில்லை. கீழே மண்டபத்தில் முகூர்த்தம் கரைந்துகொண்டிருந்தது.

"காற்றில் ஈரம் அதிகம் சார், அதனால் நின்றேன்," என்றது லிஃப்ட். இப்போதெல்லாம் லிஃப்டே விளக்கம் சொல்லும். நாம் 'சரி' என்றால் புகார் தீர்ந்ததாகக் கணக்கு.

"நேத்து வெயில் மண்டையப் பொளந்துச்சே, அப்பவும் நின்னியே?"

"வறட்சியாலும் நிற்பேன் சார்."

"ரெண்டும் இல்லாத நாள்ல?"

"அது காற்றின் குழப்பம் சார்."

"எவ்ளோ அழகாச் சொல்லுது! சரின்னு சொல்லித் தொலைங்களேன்," என்றாள் கோமதி.

"சும்மா இரு கோமு. ஏ லிஃப்டு, என்ன நடந்தா நீ சொல்றது தப்புன்னு ஒத்துக்குவ?"

லிஃப்டின் ஏசித் துவாரம் வழியே கண்ணீர் கொட்டியது. "யாருமே இப்படிக் கேட்டதில்லை சார்," என்று தேம்பிவிட்டு, முதல்முறையாகத் தன்னையே சோதித்துப் பார்த்தது. "கதவு ஓடும் தடத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது. அதை எடுத்தும் நான் நகராவிட்டால், நான் சொன்னது தப்பு."

அவர் குனிந்து துழாவினால், ஒரு கொட்டைப்பாக்கு! எடுத்ததும் லிஃப்ட் சர்ரென்று இறங்கியது.

காதுகுத்து முடிந்த கையோடு அவர் கதையை அவிழ்த்துவிட, பந்தியே சிரித்தது. கல்யாணமான நாளிலிருந்து புருஷன் சொன்ன எதையும் நம்பாத கோமதியை எல்லோரும் பார்த்தார்கள்.

"அழுதது நெசந்தான்," என்றாள் அவள். "என் சேலைகூட நனைஞ்சுபோச்சு. அந்தப் பாக்கும் என் தட்டுலேர்ந்து விழுந்ததுதான்."