பெரியப்பா தேவை

"குழந்தை எங்கே சார்?"

பூங்கா வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டி மறித்ததும், ஆர்க்கிடெக்ட் தன்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தார், கூட்டி வந்த பிள்ளையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டவர் போல.

"எந்தக் குழந்தை?"

"உங்க குழந்தை. இது விளையாட்டுப் பூங்கா. பெரியவங்க தனியா வரக் கூடாது. அஞ்சாவது விதி." வாட்ச்மேன் பலகையைக் காட்டினார்.

ஆர்க்கிடெக்ட் அதைப் படிக்கவில்லை. எழுதியதே அவர்தான். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மூளையைக் கசக்கி எழுதியது.

"இந்தப் பூங்காவை டிசைன் பண்ணினதே நான்தாங்க."

"இருக்கும் சார். நேத்து வந்தவர் ரயில்வே ஸ்டேஷனையே தான்தான் கட்டினதா சொன்னார்."

கோபம் வந்தது. ஆனால் கோபப்படவும் நேரமில்லை. பிள்ளைகள் எட்டிப் பார்க்காத பூங்காவைக் கார் நிறுத்துமிடமாக்கிவிடலாம் என்று நகராட்சியில் பேச்சு அடிபட்டது. நாளைய கூட்டத்தில் அவர் பதில் சொல்லியாக வேண்டும்; அதற்குள் காரணம் என்னவென்று உள்ளே போய்ப் பார்த்தாக வேண்டும். குழந்தையின் கண்ணால் உலகத்தைப் பார்க்கச் சொல்லி மேடை மேடையாக முழங்கியவர், விருது வாங்கிய பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சொந்தமாகப் பிள்ளை குட்டியும் கிடையாது. இரவல் கேட்க அண்ணன் தம்பியும் இல்லை.

"பெரியப்பா."

யாரோ அவர் விரலைப் பிடித்தார்கள். குனிந்து பார்த்தார். முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண்.

"ஏன் இவ்வளவு லேட்டு? எவ்வளவு நேரமா நிக்கறேன் தெரியுமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் வாட்ச்மேன் கேட்டார்: "பாப்பா, இவர் யாரு?"

"எங்கப்பாவோட அண்ணன்."

வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஜாடை தெரியுது. முன்னாடியே சொல்லக் கூடாதா சார்?" என்று கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே வந்ததும் அவள் விரலை விட்டாள். "பிள்ளைங்களையும் தனியா விட மாட்டாங்க. நாலாவது விதி. அதான் உங்களைப் பிடிச்சேன்."

"முன்னப் பின்னத் தெரியாதவங்களோட இப்படி வரலாமா? தப்பில்லையா?"

"நீங்க மட்டும் என்னோட வந்தீங்களே."

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார்.

பூங்காவின் நடுவே 'அலை' நின்றது. நீல நிற உலோகத்தில் வளைந்து வளைந்து ஏறும் விளையாட்டுச் சிற்பம். விருது அதற்குத்தான். பத்திரிகைப் புகைப்படத்தில் அதன் மேல் கை வைத்து, தூரத்தில் எதையோ பார்ப்பது போல் நின்றிருந்தார். தூரத்தில் அன்று இருந்தது கழிப்பறை.

"இது என்னன்னு தெரியுமா?" ஆசையாகக் கேட்டார்.

"தெரியும். உட்கார்ந்தா பொசுக்கும்."

அவள் நேரே கழிப்பறைக்குப் பின்னால் ஓடினாள். கட்டட வேலை முடிந்து அள்ளாமல் விட்ட மணல் குவியல் அங்கே கிடந்தது. பூங்காவின் அழகைக் கெடுக்கிறது, அள்ளு என்று காண்ட்ராக்டரோடு அவர் மல்லுக்கு நின்ற அதே மணல். நல்லவேளை, காண்ட்ராக்டர் அவர் பேச்சைக் கேட்கிற ரகமில்லை.

"நீங்க பாலம். குனிஞ்சு நில்லுங்க. கீழே ஆறு வரும்."

நாட்டின் முன்னணி ஆர்க்கிடெக்ட் மணலில் முட்டி போட்டுக் குனிந்தார். குனிந்த இடத்திலிருந்து கழிப்பறைச் சுவரின் ஓரமாக வாசல் தெரிந்தது. வாட்ச்மேன் நாற்காலியை இந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டு, கழுத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அலைக்குப் பக்கத்தில் நின்றபோதும் இப்படித்தான். இந்த ஆளுக்கு இன்னும் என்மேல் சந்தேகம் தீரவில்லை என்று பாலம் பல்லைக் கடித்தது.

"மத்த பிள்ளைங்க ஏன் இங்க வர்றதில்லை?"

"பெரியவங்க கிடைச்சா வருவாங்க. எல்லா வீட்டுலயும் வேலைக்குப் போயிடறாங்க. அவங்க வர்றதுக்குள்ள இங்க பூட்டிடுவாங்க. பாலம் பேசக் கூடாது."

பாலம் வாயை மூடிக்கொண்டது. பிள்ளைகளின் உயரம், கை நீளம், கால் அகலம் எல்லாவற்றையும் அளந்து வரைந்தவர் அவர். பள்ளி விட்டதும் எந்த வீட்டில் பெரியவர் இருப்பார் என்பதை மட்டும் அளக்கவில்லை. பூங்காவைக் காலி செய்தது வெயிலோ பெற்றோரோ இல்லை, அந்தப் பலகை. கூட்டத்தில் அதைத்தான் சொல்ல வேண்டும். எழுதிய புத்திசாலி யார் என்று கேட்டால் கையைத் தூக்க வேண்டியதுதான்.

பூட்டும் நேரம் வந்தது. பேன்ட் முழுக்க மணலோடு வாசலுக்கு வந்தார்.

"பாப்பா, உன்னைத் தனியா விட மாட்டேன். அப்பா எங்க?"

"வேலையில இருக்கார்."

அவருக்குப் பொறுக்கவில்லை. வாட்ச்மேனிடம் திரும்பினார். "உண்மையைச் சொல்லிடறேன். இது என் தம்பி பொண்ணு இல்ல. எனக்குத் தம்பியே கிடையாது. யாரோ ஒரு ஆளோட ஒரு குழந்தை உள்ள போகுது, நீங்களும் ஜாடை தெரியுதுன்னு திறந்து விடறீங்க. பொறுப்பு வேண்டாமா?"

வாட்ச்மேன் முகம் கோணவில்லை. எழுந்து, நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு பள்ளிப் பையை எடுத்துச் சிறுமியின் தோளில் மாட்டினார். சட்டைக் கையால் அவள் கன்னத்து மணலைத் துடைத்தார்.

"கண் எடுக்காம பார்த்துக்கிட்டுதான் சார் இருந்தேன், கழுத்தே பிடிச்சுக்கிச்சு. என் பொண்ணுதான். டியூட்டியில இருக்கறப்ப நான் துணைக்கு வந்த பெரியவங்க கணக்குல சேர மாட்டேனாம், ஆறாவது விதி. அதான், நல்ல முகமா ஒருத்தர் தனியா வந்தா வாசல்லயே கொஞ்ச நேரம் மறிச்சு வைப்பேன். மீதியை இவ பார்த்துப்பா."