மயிலைக்காளையும் பவர் பத்திரமும்

பேயாண்டிக்குக் கண் மங்கிவிட்டது. நிலபுலனைப் பார்த்துக்கொள்ள எந்த மகனுக்குப் பவர் எழுதிக் கொடுப்பது என்று உசிலம்பட்டி பத்திர ஆபீஸ் வாசலிலேயே சண்டை.

"மூத்த மகன் நான் இருக்கைல உனக்கெதுக்குடா?" என்றான் விருமாண்டி.

"வரப்புக் கேஸுக்கு அலைஞ்சவன் நான்ல?" என்றான் தம்பி கருத்தக்கண்ணன்.

"சண்டை போடாதீகடா. வீட்டுக்குப் போயி நம்ம மயிலைக்காளைய எவன் பிடிச்சுட்டு வாரானோ, அவனுக்கே எழுதுறேன்" என்றார் பேயாண்டி.

இருவரும் ஓடினார்கள். சாயங்காலம் கிழிந்த வேட்டியோடு வெறுங்கையாகத் திரும்பினார்கள்.

"கிட்டவே விடலப்பா. அக்கா வந்தாத்தான் அது அடங்கும். அவளையும் வீட்ல காணோம்!"

"அவ இங்க எங்கூடத்தான இருந்தா!" பேயாண்டி கட்டைவிரல் மையைத் துண்டில் துடைத்தார். "அவ பேருக்குப் பதிஞ்சு முடிச்சாச்சு."

ஆபீஸுக்குள்ளிருந்து அக்கா மாயக்காள் பத்திரத்தோடு வெளியே வந்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும், காளைக்குத் தண்ணி காட்டுனீகளாடா?"