பாய்மரத்துக் காகம்

குழந்தைகளுக்குப் பழங்காலக் கப்பல் கதைகள் எழுதிவந்த என் மனைவி ஜெசிந்தா, கடைசிக் கதையை முடிக்காமல் இறந்துபோனாள். அதில் ஒரு கப்பல் திசை தப்பி நடுக்கடலில் நிற்கிறது. குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது. மாலுமிகள் கூண்டைத் திறந்து, கூடவே கொண்டுவந்த காகத்தைப் பறக்கவிடுகிறார்கள். அந்தக் காலத்து வழக்கம். அதோடு கதை நின்றுவிட்டது.

ஓவியர் ரவூஃப் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, கடைசிப் பக்கத்துல காக்காவை வரையவா வேணாமா? அச்சகத்துல உயிரை வாங்குறாங்க."

திரும்பி வந்து பாய்மரத்தில் உட்கார்ந்தால் படம் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வரையச் சொன்னேன்.

முதல் வகுப்பு படிக்கும் என் மகள் ஜோஷ்னா ஓடிவந்து போனைப் பிடுங்கினாள்.

"வரையாதீங்க மாமா! காக்கா திரும்பி வந்தா பக்கத்துல கரையே இல்லன்னு அர்த்தம். வரலைன்னாத்தான் கரை இருக்கு. அம்மா சொல்லிருக்காங்க. அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது."

ரவூஃப் சிரித்தார். "சரி பாப்பா, காக்கா வேணாம். அது போன பக்கந்தானே கப்பலும் போகணும்? எந்தப் பக்கமாத் திருப்பி வரையட்டும்?"

ஜோஷ்னா யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் போச்சுப்பா? நீங்க பாத்தீங்களா?"